பூஜை அறைக் கதவு செதுக்க சிஎன்சி ரவுட்டர்: டி8 போதுமா, பால் ஸ்க்ரூ வேண்டுமா?

காட்பாடி தச்சர் மகன்
அப்பா நாற்பது வருடமாக மரவேலை செய்கிறார். எங்களுக்கு அதிகம் வருவது பூஜை அறைக் கதவுதான். தாமரை, சங்கு சக்கரம், மணி தொங்கவிட வரிசையாக வட்ட ஓட்டை. இப்போது உளி பிடிக்கும் கை நடுங்குகிறது. அதனால் கணினி சொல்கிறபடி மரம் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் ஒன்றைப் பின்கட்டில் கட்டிக்கொண்டிருக்கிறேன். வேலைப்பரப்பு 900க்கு 600 மில்லிமீட்டர். நெமா 23 ஸ்டெப்பர் மோட்டார், அதை ஓட்ட ஜிஆர்பிஎல் மென்பொருள் உள்ள போர்டு, பிட்டைச் சுற்றும் ஸ்பிண்டிலுக்கு டிரிம் ரவுட்டர். ஃப்ரேம் வெல்டிங் முடிந்துவிட்டது, மோட்டாரின் சுற்றை நகர்வாக மாற்றும் ஸ்க்ரூவில்தான் நிற்கிறேன். டி8 லீட் ஸ்க்ரூவா (8 மில்லிமீட்டர் மரைத் தண்டு), 1605 பால் ஸ்க்ரூவா (16 மில்லிமீட்டர் தண்டு, சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும், நட்டுக்குள் குண்டுகள் உருளும்)? மூன்று அச்சுக்கும் பால் ஸ்க்ரூ போட்டால் பணம் இடிக்கிறது.

ஆரணிப் பட்டறை
டி8 போடுங்கள் தம்பி. என் மெஷினில் மூன்று வருடமாக டி8தான் ஓடுகிறது. பெயர்ப்பலகை, கதவுப் பூ, பட்டு நெசவுக்காரர்கள் கேட்கும் மரச் சாமான் எல்லாம் அதில்தான். 8 மில்லிமீட்டர் லீட் உள்ளதை வாங்குங்கள். மரை இடைவெளி 2தான், ஆனால் நான்கு மரை சேர்ந்து ஓடுவதால் ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகரும். ஸ்பிரிங் வைத்த பித்தளை நட் போட்டால், திசை மாறும்போது வரும் லூஸ் ஆட்டம் தெரியாது. மிச்சமாகும் பணத்தில் நல்ல பிட் வாங்குங்கள். தேக்குக்கு முதலில் வேண்டியது கூரான பிட்.

சிப்காட் ஃபிட்டர்
ஆரணி அண்ணன் அனுபவத்தில் சொல்கிறார், மதிக்கிறேன். ஆனால் இதில் ஒத்துப்போக முடியாது. ராணிப்பேட்டையில் மெஷின் பராமரிப்பில் இருபது வருடம் போயிருக்கிறது எனக்கு. வெட்டும்போது பிட் தள்ளும் விசை அந்த ஸ்பிரிங்கின் விசையைத் தாண்டினால் நட் நகர்ந்துவிடும். ஸ்பிரிங்கை இறுக்கினால் உராய்வு கூடி மோட்டார் ஸ்டெப் விடும், அதாவது சுற்ற வேண்டிய அளவு சுற்றாது. இதற்கு நடுவில் ஒரு சரியான இறுக்கம் உண்டு, ஆனால் நட் தேயத் தேய அதுவும் மாறிக்கொண்டே போகும்.

தம்பி, மணிக்கு வட்ட ஓட்டை என்றீர்களே, ஆட்டம் முதலில் காட்டிக்கொடுப்பது அங்கேதான். வட்டத்தின் நான்கு திசையிலும், ஒரு அச்சு திரும்புகிற இடத்தில், நகத்தால் தடவினால் ஒரு சின்னப் படி தட்டும். ஜிஆர்பிஎல்லில் இந்த ஆட்டத்தை (பேக்லாஷ்) ஈடு செய்யும் வசதியும் கிடையாது. பால் ஸ்க்ரூவில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. மோட்டார் தரும் சக்தியில் 90 சதவீதம் அளவுக்கு வேலைக்குப் போகும். சாதாரண லீட் ஸ்க்ரூவில் உராய்வில் போவது அதைவிட மிக அதிகம்.

ஆரணிப் பட்டறை
படி தட்டும் என்பது உண்மை. ஆனால் செதுக்கிய கதவுக்கு எப்படியும் உப்புத்தாள் போடப் போகிறோம். அப்புறம் துல்லியம் பற்றி ஒன்று. கடையில் கிடைக்கும் பால் ஸ்க்ரூ பெரும்பாலும் சி7 தரம், 300 மில்லிமீட்டருக்கு சுமார் 0.05 வரை பிழை இருக்கலாம். இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். என் பட்டறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாதம் காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் நடுவில் 16 டிகிரி ஏறினால், அதே 300 மில்லிமீட்டரில் 0.058 வந்துவிடுகிறது. நம் வெயில் சாப்பிடும் துல்லியத்துக்குப் போய் பல மடங்கு விலை கொடுக்கச் சொல்கிறீர்கள்.

பாகாயம்
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். துல்லியத்தைப் பேசும் முன் நீளத்தைப் பார்க்க வேண்டும். 900 மில்லிமீட்டர் பயணத்துக்கு ஸ்க்ரூ ஒரு மீட்டராவது வரும். டி8இன் உள்விட்டம் (மரையின் அடியில் உள்ள தடிமன்) சுமார் 6தான். ஒரு மீட்டர் தண்டை இரு முனையிலும் சும்மா தாங்கினால் தன் எடையிலேயே நடுவில் 2 மில்லிமீட்டருக்கு மேல் தொங்கும், கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே நீளத்தில் 16 மில்லிமீட்டர் தண்டு சுமார் அரை மில்லிமீட்டர்தான் தொங்குகிறது.

தொங்கும் தண்டு வேகமாகச் சுற்றினால் சாட்டையாக அடிக்கும். முனைகள் சும்மா தாங்கப்பட்ட ஒரு மீட்டர் டி8க்குப் பாதுகாப்பான எல்லை நிமிடத்துக்குச் சுமார் 580 சுற்று. 16 தண்டுக்கு 1,200க்கு மேல். நீளம் இரண்டு மடங்கானால் எல்லை நாலில் ஒன்றாகிவிடும்.

தேக்கில் இரண்டு வெட்டுவாய் பிட், நிமிடத்துக்கு 18,000 சுற்று, ஒரு வெட்டுவாய்க்கு 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தால் நிமிடத்துக்கு 3,600 மில்லிமீட்டர் ஓட வேண்டும். மெதுவாக ஓட்டினால் பிட் வெட்டாமல் தேய்க்கும், மரம் கருகும். இந்த வேகத்துக்கு 8 லீட் டி8 நிமிடத்துக்கு 450 சுற்று சுற்ற வேண்டும், எல்லைக்குள் வருகிறது. 1605 என்றால் 720. ஆயிரம் சுற்றை நெருங்க நெருங்கத்தான் ஸ்டெப்பர் வலு இழக்கும், ஆகவே அதுவும் பரவாயில்லை. 2 லீட் டி8ஐ மட்டும் நீள அச்சுக்கு வாங்கவே வாங்காதீர்கள். 1,800 சுற்று கேட்கும், ஓடாது.

சிப்காட் ஃபிட்டர்
நேர்த்தண்டாக இருந்தால்தான் அந்த 450. பார்சலில் வரும் டி8ஐக் கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். அடியில் வெளிச்சம் திறந்து மூடி, திறந்து மூடி வந்தால் தண்டு வளைந்திருக்கிறது. அதில் 450 சுற்று ஓட்டினால் கதவில் அலை அலையாகக் கோடு விழும். உப்புத்தாளில் அது போகாது, பூவின் இதழுக்குள் தாள் நுழையாது.

காட்பாடி தச்சர் மகன்
அண்ணே, மரத்தூள்? எங்கள் பட்டறையில் எதைத் தொட்டாலும் தூள்தான். பால் நட்டுக்குள் போனால்?

சிப்காட் ஃபிட்டர்
நியாயமான கேள்வி. இரு பக்கமும் தூளைத் துடைக்கும் வைப்பர் உள்ள நட் வாங்குங்கள், ஸ்க்ரூவை மேசைக்கு அடியில் வையுங்கள். கிரீஸ் கொஞ்சமாக, துணியால் துடைத்துத் துடைத்துப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: நட்டைத் தண்டிலிருந்து கழற்றாதீர்கள். கழற்றினால் உள்ளே இருக்கும் குண்டுகள் கொட்டிவிடும், தொலைந்தால் ஓட்டம் கெடலாம். கழற்றியே ஆக வேண்டுமென்றால், தண்டின் உள்விட்டத்தைவிடச் சற்றே குறைந்த வெளிவிட்டம் உள்ள குழாயை முனையில் ஒட்டி வைத்து அதன் மேல் நட்டை நகர்த்துங்கள்.

ஆரணிப் பட்டறை
என் நட் தேய்ந்தால் பித்தளை நட் ஒன்று மாற்றுவேன், பத்து நிமிட வேலை. உங்கள் நட் தேய்ந்தால்? ஸ்பிண்டிலை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சையும் பாருங்கள். பால் ஸ்க்ரூ தானாகப் பூட்டிக்கொள்ளாது, எடை அழுத்தினால் சுற்றிவிடும். கரண்ட் போனால் எடை கூடிய ஸ்பிண்டில் இறங்கி மரத்தில் குத்தும். நம் ஊரில் கரண்ட் போகாத கோடை உண்டா?

பாகாயம்
இசட் விஷயத்தில் ஆரணி சொல்வது சரி, ஒரு திருத்தத்தோடு. 8 லீட் டி8ம் பூட்டிக்கொள்ளாது, மரையின் சரிவு 20 டிகிரி. 2 லீட் என்றால் 5 டிகிரிதான், அது நிற்கும். இசட் பயணம் சிறிது, அங்கே 2 லீட் டி8 நல்ல தேர்வு.

ஆனால் இருவரும் ஒன்றைப் பேசவில்லை. ஸ்க்ரூவை முனையில் எது பிடிக்கிறது? ஆட்டத்தை நட்டில் மட்டும் தேடுகிறோம். தண்டே பேரிங்குக்குள் முன்னும் பின்னும் நகர்ந்தால் எந்த நட்டும் உதவாது. ஆரணி அண்ணா, உங்கள் மெஷினில் அளந்து பார்க்கலாமா?

ஆரணிப் பட்டறை
தாராளமாக வாருங்கள். ஞாயிறு மதியம் சாப்பாடு நம் வீட்டில்.

காட்பாடி தச்சர் மகன்
போய் வந்தோம். ஃபிட்டர் அண்ணன் நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜும் காந்த ஸ்டாண்டும் கொண்டு வந்தார். கேஜின் முனையை, ஸ்பிண்டிலைத் தாங்கி ஓடும் பாலமான கேன்ட்ரியில் தொட வைத்து, கையால் தள்ளி இழுத்தபோது முள் 0.18 மில்லிமீட்டர் ஓடியது. பிறகு கேஜை ஸ்க்ரூவின் முனையில் நேராக நிறுத்தினோம். மறுபடி தள்ளி இழுத்ததில் தண்டு மட்டும் 0.11 நகர்ந்தது. ஆரணி அண்ணன் மெஷினில் தண்டைப் பிடித்திருந்தது சாதாரண பில்லோ பேரிங், மோட்டாருக்கு ஸ்பிரிங் போல வெட்டிய அலுமினியக் கப்ளிங். நட்டின் பங்கு 0.07தான்.

சிப்காட் ஃபிட்டர்
0.11 பேரிங்கில் என்று நானும் எதிர்பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆரணி அண்ணனின் நட்டை நான் குறை சொன்னது பாதிக்கு மேல் தவறு. ஆனாலும் நீள அச்சில் என் கருத்து மாறவில்லை. 1605 வாங்குங்கள், தண்டு முனையைத் தாங்கும் பேரிங் பிடிகளாக ஒரு முனையில் பிகே12, மறுமுனையில் பிஎஃப்12. பிகேயில் இருக்கும் ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் தண்டை இரு பக்கமும் பிடிக்கும். பிஎஃப் தண்டை நீளவாக்கில் விட்டுக்கொடுக்கும், அண்ணன் சொன்ன வெயில் நீட்சியில் தண்டு வளையாமல் இருக்க அதுதான் வழி.

ஆரணிப் பட்டறை
நான் இந்த வாரம் பேரிங்கை மாற்றிவிட்டுச் சொல்கிறேன். 0.18 என்பது 0.08 ஆனால், டி8ஐக் கழற்ற எனக்கு ஒரு காரணமும் இல்லை. 600 அச்சுக்கு டி8 போதும் என்பதை இன்னும் சொல்வேன்.

காட்பாடி தச்சர் மகன்
900 அச்சுக்கு 1605, பிகே12, பிஎஃப்12 ஆர்டர் போட்டுவிட்டேன். இசட்டுக்கு 2 லீட் டி8. 600 அச்சை ஆரணி அண்ணன் அளவு வந்த பிறகு முடிவு செய்கிறேன். அப்பா டயல் கேஜ் முள்ளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த 0.11ஐ உளியில் நான் விரலால் உணர்வேன்" என்றார். முதல் தாமரை அவர் வரைந்த படத்திலிருந்துதான் செதுக்கப் போகிறோம்.