டபுள் பாஸ் கழுத்தை இழைக்கலாமா?

கேள்வி: பழைய டபுள் பாஸ் (வயலின் மாதிரியே, ஆனால் ஆள் உயரப் பெரிய வாத்தியம்) வாங்கினேன். கழுத்து உலக்கை மாதிரி தடிமன், அரை மணி நேரம் வாசித்தாலே இடது கட்டைவிரல் அடியில் சுளீர் என்கிறது. முத்தியால்பேட்டையில் தெரிந்த ஆசாரி இழைத்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் நட் (கழுத்தின் மேல் நுனியில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) பக்கம் தந்தி உயரத்தைப் பாருங்கள், தந்திக்கும் விரல் பலகைக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். அதற்கு மேல் இருந்தால் அழுத்தி அழுத்தியே கை போய்விடும், எனக்கு அப்படித்தான் ஆனது.

இன்னொரு பதில்: கழுத்து மேப்பிள் மரம் என்றால் தாராளமாக இழைக்கலாம், ஆனால் அதிகம் எடுத்தால் தந்தி இழுப்பில் கழுத்து வளைந்துவிடும். கழுத்தின் நடுமுதுகைத் தொடாமல் அதன் இரண்டு பக்கத் தோள்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டச் சொல்லுங்கள். தந்திகளை முழுக்கக் கழற்றினால் உள்ளே ஒட்டாமல் நிறுத்தியிருக்கும் சவுண்ட் போஸ்ட் என்ற மரக்குச்சி விழுந்துவிடலாம், கவனம். அப்புறம் வார்னிஷ் வேண்டாம், நம் கடற்கரைப் புழுக்கத்தில் விரல் ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாகத் தேய்த்தால் போதும்.

கேட்டவர்: சரி, இன்றைக்கே நட்டைப் பார்க்கிறேன்.