வெயிலில் முட்டை ஓடு மெலிகிறது: சுண்ணாம்புக் குறைவா?

பெகு_பண்ணை:
20 முட்டைக் கோழி, தகரக் கூரை. திஞ்ஞான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா) முடிந்ததிலிருந்து ஓடு தாள் மாதிரி இருக்கிறது, விரல் பட்டாலே பள்ளம் விழுகிறது. காலைத் தீனியில் கிளிஞ்சல் தூளை இரட்டிப்பாக்கியும் பலன் இல்லை. மதியம் பூராவும் வாயைத் திறந்து, றெக்கையை விரித்தே நிற்கின்றன.

தட்டோன்_வாத்தியார்:
தம்பி, குறை கிளிஞ்சலில் இல்லை, மூச்சில் இருக்கிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூடோ இயல்பாகவே 41 டிகிரி. இரைத்து இரைத்து வாய், தொண்டை ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை இறக்கும். தாடைக்குக் கீழே தோல் படபடவென்று துடிக்கிறதே, அதுவும் இதற்குத்தான். ஆனால் அப்படி இரைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய், இரத்தத்தில் பைகார்பனேட் குறைந்துவிடும். ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கால்சியம் கிளிஞ்சலில் கிடைக்கும், கார்பனேட்டுக்கு அந்தப் பைகார்பனேட் வேண்டும். செங்கல் குவிந்து கிடந்தும் சாந்து இல்லாத கதைதான். (கோழிக்குக் குடிக்கிற சோடாத் தண்ணீர் வைத்தால் ஓடு தடிக்கும். கட்டுப்படியாகாது என்பது வேறு விஷயம்.)

மோல்மீன்_கோழிக்காரி:
கிளிஞ்சலைத் தூளாக்காதீர்கள். ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும், அதில் பெரும்பகுதி இரவில். காலையில் தின்ற தூள் அதற்குள் குடலைத் தாண்டிவிடும். நெல்மணி அளவுத் துண்டுகளாக உடைத்து, மாலையில் தனித் தட்டில் வையுங்கள். அரைவைப்பையில் தங்கி, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.
செரிமானமும் சூடு கிளப்பும் என்பதால் 10 மணிக்குத் தீனியை எடுத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் வையுங்கள். குறைந்த பைகார்பனேட்டை ஈடுகட்ட, ஒரு கிலோ தீனிக்கு 3 கிராம் சமையல் சோடா போதும். கூடினால் எச்சம் தண்ணீராகப் போகும். தண்ணீர் சூடாகிவிட்டால் கோழி குடிக்காது, மதியத்தில் இரண்டு முறையாவது மாற்றுங்கள்.

பெகு_பண்ணை:
மேலே தண்ணீர் தெளிக்கலாமா அக்கா?

மோல்மீன்_கோழிக்காரி:
காற்று ஓடினால் தெளிக்கலாம். மழைக்கு முந்தின புழுக்கத்தில் வேண்டாம். கொட்டகையில் ஈரம் ஏறினால் கோழி இரைத்தும் பயன் இருக்காது. இரண்டு அங்குலத் தண்ணீர் விட்ட தட்டில் நிற்க விடுங்கள். இறகில்லாத கால் வழியாகச் சூடு இறங்கும். தகரத்தின் மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கீற்று போடுங்கள்.

தட்டோன்_வாத்தியார்:
ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடு சுருங்கிக் கோணலாகி, உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் அது வெயில் வேலை இல்லை. மூச்சுக்குழாய் நோயாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.