படர்தாமரைக்கு ‘அதே ட்யூப்’ கேட்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது?

கேள்வி: மருந்துக்கடை_தேனி

தொடை இடுக்கு, இடுப்பு, பிட்டம் என்று படர்தாமரையோடு வருகிறவர்களில் பலர் காலி ட்யூபை நீட்டி “இதையே கொடுங்க” என்கிறார்கள். உள்ளே இருப்பவை க்ளோபெட்டசால் 0.05%, ஓஃப்ளாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினஃபின். தடவிய இரண்டு நாளில் அரிப்பு அடங்குகிறது. விட்டால் முன்பைவிட அகலமாகப் படர்கிறது. டாக்டர் சீட்டு கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை அவர்களுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது? அந்த ட்யூபை ஒரே நாளில் நிறுத்தலாமா? பூஞ்சை மருந்து மட்டும் உள்ள க்ரீம் என்றால் எத்தனை கிராம், எத்தனை நாள்? 15 கிராம் ட்யூப் ஒன்றை வாங்கிப் போய் “மருந்து கேட்கவில்லை” என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய.

பதில் 1: தோல்நல_மருத்துவர்

அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் தோல் நடத்தும் சண்டையின் அடையாளம். க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. அரிப்பு போய்விடும், பூஞ்சை போகாது. தடுக்க ஆள் இல்லாததால் ஓரங்களில் இன்னும் வேகமாகப் பரவும். ட்யூபை விட்டதும் தோல் மறுபடி விழித்துக்கொள்கிறது, இந்த முறை சண்டை பெரிய இடத்தில். வாடிக்கையாளரிடம் இவ்வளவு சொன்னால் போதும்: “அரிப்பு நின்றது மருந்து வேலை செய்ததால் அல்ல, உங்கள் தோல் மரத்துப்போனதால்.”

கலவையில் உள்ள மற்றவற்றையும் பாருங்கள். ஓஃப்ளாக்சசின் பாக்டீரியாவுக்கு. ஆர்னிடசோல் அமீபா வகையறாவுக்கும் காற்றில்லா பாக்டீரியாவுக்கும். படர்தாமரைக்கு இரண்டாலும் பயனே இல்லை. பூஞ்சைக்கு உள்ளது டெர்பினஃபின் ஒன்றுதான், அதற்கும் இப்போது சிக்கல். இந்தியாவில் பரவலாக இருக்கும் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்ற வகையில் (2020-இல்தான் தனி இனமாகப் பெயர் சூட்டினார்கள்) ஸ்குவாலீன் எபாக்ஸிடேஸ் என்ற நொதி பல மாதிரிகளில் மாறியிருக்கிறது. டெர்பினஃபின் தாக்கும் இடமே அந்த நொதிதான். ஆக, அந்த ட்யூபைத் தடவும் பலருக்கு உண்மையில் வேலை செய்வது ஸ்டீராய்டு மட்டுமே.

அதுவும் எந்த ஸ்டீராய்டு? வெளிப்பூச்சுகளில் மிக வீரியமான வகுப்பு. உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற தடித்த தோலுக்கே பொதுவாக 2 வாரம்தான் வரம்பு, வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் கூடாது. அதை உடலிலேயே மெல்லிய, வியர்த்து மூடிக் கிடக்கும் மடிப்பில் மாதக்கணக்கில் தடவுகிறார்கள். ஹைட்ரோகார்ட்டிசோனை வைத்து 1967-இல் அளந்தபோது, முன்கையைவிட விதைப்பை 42 மடங்கு உறிஞ்சியது. தொடை இடுக்கில் ஊதாவாகத் தோன்றிப் பின் வெளுக்கும் வரிகள் இதன் விளைவு. நிறம் மங்கும், வரி மறையாது. இளைஞர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அவர்களிடம் எடுபடும் எச்சரிக்கை இதுதான்.

நிறுத்துவது பற்றி. பூஞ்சை இருக்கும் இடத்தில் பெரும்பாலும் அன்றே நிறுத்திவிடலாம், ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தேவையில்லை. ஆனால் முதல் ஒன்றிரண்டு வாரம் அரிப்பும் சிவப்பும் கூடும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே பழைய ட்யூபுக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களுக்கு இரவில் செட்டிரிசின் 10 மி.கி. அல்லது லீவோசெட்டிரிசின் 5 மி.கி. உதவும், தூக்கம் வரும், இரவில் வண்டி ஓட்டுகிறவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முகத்தில் மாதக்கணக்கில் தடவியவரையும், உடலில் பெரிய பரப்பில் நீண்ட காலம் தடவியவரையும் நீங்களாக நிறுத்தச் சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். பின்னவருக்கு, உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பியே அடங்கியிருக்கக்கூடும்.

வளையத்துக்குள் இன்னொரு வளையம் தெரிந்தால், ஏற்கெனவே ஸ்டீராய்டு தடவியவர் என்று சந்தேகிக்கலாம்.

பதில் 2: மருந்தாளுநர்_கரூர்

டாக்டர் மருந்தின் வேலையைச் சொல்லிவிட்டார், கிராம் கணக்கை நான் சொல்கிறேன். பாதிப் பேருக்கு மருந்து தோற்பது இங்கேதான்.

ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். பெரியவரின் இரண்டு கை அளவு இடத்துக்கு, அதாவது விரல்களும் சேர்ந்த முழுக் கை, அது போதும். இரு தொடை இடுக்கும் சேர்ந்து நான்கு கை அளவு என்று வையுங்கள். ஒரு தடவைக்கு 1 கிராம். க்ளோட்ரிமசோல் 1% தினம் இரு வேளை என்றால் 15 கிராம் ட்யூப் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். தேவைப்படுவதோ குறைந்தது நான்கு வாரம். லுலிகோனசோல் 1% தினம் ஒரு வேளை என்றால் மாதத்துக்கு 30 கிராம். “ஒரு ட்யூப் போட்டேன், கேட்கவில்லை” என்கிறவர் கால் பங்கு மருந்துதான் போட்டிருக்கிறார்.

தடவும் இடமும் முக்கியம். பூஞ்சை உயிர்ப்போடு இருப்பது வளையத்தின் ஓரத்தில். நடுவில் மட்டும் தேய்க்காமல், ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வெளியே தொடங்கி உள்நோக்கி வாருங்கள். குளித்து, முழுக்கத் துவட்டி, காய்ந்த பிறகு மெல்லிசாக. மடிப்பில் அப்பி வைத்தால் ஊறிப் புண்ணாகும். கண்ணுக்கு மறைந்த பிறகும் 2 வாரம் தொடர வேண்டும். ஓர் இடத்தைத் தொட்டு இன்னோர் இடத்தில் தடவுவதற்கு முன் கை கழுவச் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பார்க்க இந்தப் பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: க்ளோபெட்டசால், ஹாலோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன். இவற்றில் ஒன்று இருந்தால் படர்தாமரைக்குக் கொடுக்காதீர்கள், பெட்டியில் பூஞ்சை மருந்தின் பெயர் எவ்வளவு பெரிதாக அச்சாகியிருந்தாலும் சரி. 2018-இலேயே வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளை ஷெட்யூல் எச்-இல், அதாவது சீட்டோடு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில், இறுக்கினார்கள், சீட்டு இல்லாமல் விற்பது சட்டப்படி தவறு. அடுத்த கடைக்குப் போகிறாரே என்று நாம் கொடுக்க வேண்டாம். சொல்லி அனுப்பியவரில் சிலராவது திரும்பி வருவார்கள்.

பதில் 3: செவிலி_தஞ்சை

துணியைச் சரிசெய்யாமல் க்ரீம் எத்தனை கிராம் தடவினாலும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். உள்ளாடை, துண்டு, லுங்கி, போர்வை எல்லாவற்றிலும் பூஞ்சையின் வித்துகள் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டார் துணியோடு சேர்த்து ஊறப்போடக் கூடாது. 60 டிகிரி சூட்டில், அதாவது கை வைக்க முடியாத வெந்நீரில், அரை மணி நேரம் ஊறவைத்துத் துவைத்து, உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். மழைக்காலத்தில் தையல், எலாஸ்டிக் பக்கமாகச் சூடாக இஸ்திரி போடலாம். அரைகுறை ஈரத்தோடு ஜட்டி போட்டுக்கொள்வதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

பலர் மறந்துவிடுவது அரைஞாண் கயிறு. நூல் கயிறு எந்நேரமும் வியர்வையில் ஊறி இடுப்பைச் சுற்றி உரசிக்கொண்டே இருக்கும், வளையமும் அதே கோட்டில் வரும். சிகிச்சை முடியும்வரை கழற்றிவிடலாம். மனம் ஒப்பாதவர்கள் வெள்ளிக்கு மாறிக்கொள்ளலாம், தினம் கழுவித் துடைக்க முடியும்.

வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து தொடங்க வேண்டும். ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்றால் மாறி மாறி ஓடும்.

டெட்டால் ஊற்றிக் குளிப்பது, பூண்டை அரைத்துப் பூசுவது, எலுமிச்சை தேய்ப்பது எல்லாம் தொடை இடுக்கைப் பொசுக்கிவிடும். வெந்த புண்ணுக்கு மேல் எந்த க்ரீமும் எரியும், அதனாலேயே நல்ல மருந்தையும் விட்டுவிடுவார்கள்.

மருந்துக்கடை_தேனி

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. விழுங்கும் பூஞ்சை மருந்தான இட்ராகோனசோல் சீட்டோடு வருகிறவர்களுக்கு ஏதாவது எச்சரிக்கை உண்டா? பிறகு, எல்லாம் ஆறியும் கறுப்பு மட்டும் நிற்கிறது என்று க்ரீம் கேட்கிறார்களே?

தோல்நல_மருத்துவர்

இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் உடனே விழுங்கச் சொல்லுங்கள். காலையில் பழக்கமாக, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போடுகிறவருக்கு மருந்து உடலில் சரியாக ஏறாது. “கேஸ் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்ற ஒரு கேள்வி பல தோல்விகளைத் தடுக்கும்; ஆமாம் என்றால் சீட்டு எழுதியவரிடம் திருப்பி அனுப்புங்கள். கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர், இதயம் பலவீனமானவர், கர்ப்பிணி ஆகியோருக்கு இது கூடாது, சீட்டில் இருந்தாலும் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுக்காதீர்கள். கர்ப்பிணிக்கு வெளிப்பூச்சாக க்ளோட்ரிமசோல் போதுமானது.

கறுப்பு பூஞ்சை அல்ல, அழற்சி விட்டுச்சென்ற நிறம். அரிப்பு இல்லை, செதில் இல்லை, விரலால் தடவினால் மேடான ஓரம் தட்டுப்படவில்லை என்றால் மேலே சொன்ன 2 வாரத்தோடு மருந்தை நிறுத்திவிடலாம். நிறம் மங்க மாதங்கள் ஆகும். அதை வெளுக்க வைக்கிறேன் என்று மொமெட்டசோன் கலந்த க்ரீமை எடுத்துத் தந்துவிடாதீர்கள்.

நான்கு வாரம் சரியாகத் தடவியும் ஓரம் அப்படியே இருந்தாலோ, விதைப்பையே சிவந்து சுற்றிலும் சிறு சிறு புள்ளிகள் வந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். படர்தாமரை பொதுவாக விதைப்பையை விட்டுவிடும், கேண்டிடா என்ற வேறு வகைப் பூஞ்சை விடாது. அப்போது ஓரத்தில் சுரண்டிய செதிலை நுண்ணோக்கியில் பார்க்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சோதனை செய்ய வேண்டும். அதற்குப் போகிறவரிடம், போவதற்கு முன் சில நாட்கள் க்ரீமும் பவுடரும் போட வேண்டாம் என்று நீங்களே சொல்லி அனுப்பிவிடுங்கள். மருந்து பூசிய தோலில் பூஞ்சை இருந்தும் சோதனையில் இல்லை என்று வந்துவிடும்.