கூரை, ஸ்பேனர், பல்பு, பிரஷ்: வீடு ரிப்பேர் கம்பெனிக்கு இந்த லோகோ எடுபடுமா?

வடவள்ளிக்காரன்:
கோவையில் பிளம்பிங், வயரிங், பெயின்டிங், ஒழுகல் அடைப்பு செய்யும் கம்பெனிக்கு லோகோ. பெயர் 'ப'வில் தொடங்குகிறது. இப்போதைய வரைவு: சிவப்புக் கூரை, அதற்குள் ஸ்பேனர், பல்பு, பிரஷ், குழாய், மூலையில் வெள்ளை வட்டத்தில் சிவப்புக் கூட்டல் குறி. கடை போர்டு, டாடா ஏஸ் கதவு, டி-ஷர்ட், பில் புக், வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் இதுதான். கருத்து சொல்லுங்கள்.

வரைகோடு:
முதலில் அந்தச் சிவப்புக் கூட்டலை எடுங்கள். வெள்ளைப் பின்னணியில் செஞ்சிலுவையை வியாபாரத்துக்குப் போடுவதை 1960-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டம் தடுக்கிறது.

அடுத்தது, நாலு கருவி. டி-ஷர்ட் நெஞ்சில் லோகோ 9 செ.மீ. அகலம்தான் வரும். அதில் நாலு படம் என்றால் ஒவ்வொன்றும் 2 செ.மீ. எம்ப்ராய்டரியில் 1 மி.மீ.க்குக் கீழே போகிற கோடு நூலுக்குள் அமுங்கிவிடும். குழாய்க் கைப்பிடி, பல்பு இழை எதுவும் தேறாது. கூரையும் ஸ்பேனரும் ஊரில் பாதி விசிட்டிங் கார்டில் இருக்கிறது. யாருடையது என்று யாருக்கும் நினைவிருக்காது.

'ப' என்ற எழுத்தே இரண்டு சுவர், ஒரு தளம். மேலே சாய்வாகக் கூரைக்கோடு ஒன்று வையுங்கள், வீடு வந்துவிட்டது. கோட்டுத் தடிமன் மொத்த உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. ஒரே நிறம்.

பைப்லைன்:
ஒத்துக்கொள்ள முடியவில்லை சார். ராத்திரி குழாய் உடைந்து ஆள் தேடுகிறவருக்கு வெறும் 'ப' என்ன சொல்லும்? டிவி விளம்பரம் கொடுக்கிற பெரிய கம்பெனிக்கு அது சரி. இங்கே சிக்னலில் வண்டி நிற்கிற நேரத்துக்குள் என்ன தொழில் என்று தெரிய வேண்டும். இன்னொன்று: 'ப'வின் அடையாளமே மேலே திறந்திருப்பதுதான். கூரை வைத்து மூடினால் அது எழுத்தாகவே படிக்க வராது. எல்லாரிடமும் இருக்கிற அதே வீட்டுப் படம்தான் மிஞ்சும்.

வரைகோடு:
தொழிலைச் சொல்வது லோகோவின் வேலை இல்லை, அதன் கீழே உள்ள வரியின் வேலை. வண்டியில் 'பிளம்பிங், வயரிங், பெயின்டிங்' என்று பெரிய எழுத்தில், பக்கத்தில் போன் நம்பர். கூரை மூடாமலிருக்க சுவருக்கும் கூரைக்கும் நடுவே அரைக்கோட்டுத் தடிமன் இடைவெளி போதும்.

அச்சுமை:
போதாது. வாட்ஸ்அப் பட்டியலில் வட்டத்துக்குள் லோகோ ஏறக்குறைய 5 மி.மீ. உயரம்தான் தெரியும். உங்கள் கணக்கில் இடைவெளி அரை மி.மீ.க்கும் கீழே, கண்ணுக்கு மூடியேதான் தெரியும். முழுக்கோட்டுத் தடிமன் விடுங்கள்.

நிறத்தில் எனக்கு வேறு கவலை. வெயிலில் நிற்கிற ஃப்ளெக்ஸில் சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும். நீலமும் கருப்பும் தாங்கும். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் பளீரென்று தெரியும் நீலம் அச்சில் மங்கும், அதனால் அச்சுக்கான நாலு நிறக் கலவையிலேயே தேர்ந்தெடுங்கள். வண்டிக் கதவுக்கு ஸ்டிக்கர் கட்டிங் என்றால் 2 மி.மீ.க்குக் குறைந்த கோடு நாலு தடவை கழுவினால் உரிந்து வரும். கோரல் டிரா (லோகோ வரையும் மென்பொருள்) ஃபைலில் எழுத்துகளை 'கர்வ்' ஆக்காமல், அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றாமல், கொடுத்துவிடாதீர்கள். வேறு கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். போர்டு அடித்த பிறகுதான் பலரும் பார்க்கிறார்கள்.

பைப்லைன்:
அப்படியானால் என் பக்கம் ஒன்று சொல்கிறேன். கூரையே வேண்டாம். 'ப' ஸ்பேனரின் வாய் மாதிரியே இருக்கிறது. அடியிலிருந்து ஒரு கைப்பிடி இறக்கி, தலையை மட்டும் 15 டிகிரி சாயுங்கள். கடையில் வாங்குகிற ஸ்பேனருக்கும் வாய் அந்தச் சாய்வில்தான் இருக்கும். எழுத்து எழுத்தாக இருக்கும், தொழிலும் தெரியும். கருவி ஒன்றுதான், இரண்டாவது கூடாது.

வரைகோடு:
யோசனை நன்று. ஆனால் கைப்பிடி மெலிந்தால் முள்கரண்டியாகிவிடும். ஹோட்டல் என்று நினைப்பார்கள். கைப்பிடி அகலம் வாயின் வெளி அகலத்தில் பாதியாவது வேண்டும், கீழ்நுனியில் தொங்கவிடும் துளை ஒன்று. ஆனாலும் பெயின்டிங் வேலைக்கு ஸ்பேனர் பொருந்தவில்லை என்பது என் எண்ணம்; கூரை எல்லா வேலையையும் தாங்கும்.

அச்சுமை:
இரண்டையும் கருப்பில் 12 மி.மீ. உயரத்துக்கு அச்செடுத்து, தொழில் தெரியாத ஐந்து பேரிடம் மூன்று நொடி காட்டி மறையுங்கள். என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள், 'ப' தெரிகிறதா என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். 38×14 மி.மீ. ரப்பர் ஸ்டாம்பில் வரும் அளவும் அதுதான்.

தேறியதை, கட்டுமானம், ரிப்பேர் சேவைகளுக்கான வகுப்பு 37-இல் டிரேட்மார்க்குக்குப் போடுங்கள். ஆன்லைனில் தனிநபருக்கு 4,500 ரூபாய். கருப்பு-வெள்ளையிலேயே விண்ணப்பியுங்கள், நிற வரம்பு இல்லாமல் பதிந்தால் எல்லா நிறத்துக்கும் அது செல்லும். 'ஹோம் ரிப்பேர் சர்வீஸ்' என்ற சொற்களைத் தனியாகக் கொண்டுபோனால் தொழிலின் பொதுப்பெயர் என்று ஆட்சேபம் வரும்.