சேலஞ்சர் நினைவு வெள்ளி நாணயத்தில் கறை: நீக்க வழி உண்டா?

பாம்பனில் எங்கள் வீட்டில் உள்ள கிறிஸ்டா மெக்காலிஃப் வெள்ளி டாலரில் மூன்று மாதமாகக் கறை படர்ந்து வருகிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73 வினாடிகளில் சிதறியபோது உயிரிழந்த எழுவரில் ஒருவரான அந்த ஆசிரியையின் நினைவாக, அமெரிக்க நாணயச்சாலை 2021இல் வெளியிட்ட, கண்ணாடிப் பளபளப்புள்ள புரூஃப் வகை நாணயம் இது, 99.9 விழுக்காடு வெள்ளி, எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரான என் தந்தைக்கு மாமா அனுப்பியது.

எல்லோரும் பார்க்கட்டுமென்று, அதன் பெட்டியிலிருந்து எடுத்துச் சாதாரண பிளாஸ்டிக் உறையிலிட்டு, கடற்காற்று நேராக வீசும் அலமாரியில் வைத்தது என் தவறு. விளிம்பில் கருநீலமும், எழுவரைக் குறிக்கும் ஏழு விண்மீன்களின் அருகே பிசுபிசுப்பான பச்சையும் படிந்தன. காய்ச்சி வடித்த நீரில் அலசியும் பயனில்லை. அசிட்டோனில் ஐந்து நிமிடம் ஊறவைத்ததில் பச்சை போயிற்று. கருநீலம் அப்படியே இருக்கிறது. இராமநாதபுரத்தில் ஒரு பொற்கொல்லர் பூந்திக்கொட்டை நீரில் தேய்த்துத் தருவதாகச் சொன்னார். கொலுசுக்கு அது சரி, இதற்கு மனம் ஒப்பவில்லை.

கண்ணாடிப் பரப்பில் கீறல் விழாமல் இந்தக் கருநீலக் கறையை நீக்க என்ன செய்ய வேண்டும்?