2,300 பாட்டுக்கும் சத்தம் ஒரே அளவில் வேண்டும்: ஸ்கேன் செய்தும் மாறவில்லை, உதவுங்கள்

யீஷூன் ரசிகன்:
வணக்கம். 80களின் திரைப்பாடல்கள், பழைய சிடியிலிருந்து ஃபிளாக்காக (தரம் இழக்காத கோப்பு வகை) எடுத்தவை. புதுப் பாட்டுகள் எம்பி3. நாதஸ்வரமும் கவசமும் கேசட்டிலிருந்து பதிந்தவை. எல்லாம் கலந்து ஓடினால் பழைய பாட்டுக்குச் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது, அடுத்த புதுப் பாட்டு காதைக் கிழிக்கிறது. எம்ஆர்டி ரயிலில் இயர்போனோடு இது பெரிய தொல்லை.

செய்து பார்த்தவை: ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் நார்மலைஸ், எல்லாம் 0 டெசிபலுக்கு (டிஜிட்டல் ஒலியின் உச்ச வரம்பு). பயனில்லை. பிறகு ஃபூபார் 2000 என்ற பாட்டு மென்பொருளில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, பாட்டின் உரப்பை அளந்து எவ்வளவு கூட்ட, குறைக்க வேண்டும் என்று கோப்பில் குறித்து வைக்கும் ரீப்ளேகெயின் ஸ்கேன். ஆல்பம் கெயின் (ஆல்பம் முழுதுக்கும் ஒரே அளவு) பத்தியில் 2,300 பாட்டுக்கும் -6.42 என்றே நிற்கிறது. கார் ஸ்டீரியோவில் யூஎஸ்பி போட்டாலும் துளி மாற்றமில்லை. தீபாவளி ஒன்றுகூடலுக்கு புளோக் கீழ்த்தளத்தில் இதே யூஎஸ்பியை ஸ்பீக்கரில் போட வேண்டும். எங்கே தவறு?

பிடோக் ஒலிப்பதிவு:
அந்த -6.42 தான் துப்பு. வலது கிளிக்கில் "ஸ்கேன் செலக்‌ஷன் அஸ் எ சிங்கிள் ஆல்பம்" என்பதை அழுத்தியிருக்கிறீர்கள். 2,300 பாட்டும் ஒரே ஆல்பம் என்று எண்ணி, எல்லாவற்றுக்கும் ஒரே குறைப்பை எழுதிவிட்டது. எல்லாமே 6.42 டெசிபல் இறங்கினால் பாட்டுக்குப் பாட்டு உள்ள வித்தியாசம் அப்படியேதான் இருக்கும்.

"ரிமூவ் ரீப்ளேகெயின் இன்ஃபர்மேஷன் ஃபிரம் ஃபைல்ஸ்" கொடுத்துப் பழையதை அழியுங்கள். பிறகு "ஸ்கேன் செலக்‌ஷன் அஸ் ஆல்பம்ஸ் (பை டேக்ஸ்)". இதில் டேகில், அதாவது கோப்புக்குள் எழுதியிருக்கும் விவரத்தில், ஆல்பம் பெயர் சரியாக இருப்பது முக்கியம். பெயரே இல்லாத கேசட் கோப்புகளைத் தனியாகப் பிரித்து "பெர்-ஃபைல் டிராக் கெயின்" கொடுங்கள். பிரிஃபரன்சஸ், பிளேபேக் பக்கத்தில் சோர்ஸ் மோடை "பை பிளேபேக் ஆர்டர்" என்று வையுங்கள். கலந்து ஓடும்போது டிராக் அளவும், வரிசையாக ஓடும்போது ஆல்பம் அளவும் எடுக்கும். கச்சேரிப் பதிவுக்கு ஆல்பம் அளவு கட்டாயம் வேண்டும். டிராக் அளவில் போட்டால் மெல்லிய ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும், இரண்டும் சேரும் இடத்தில் சத்தம் குதிக்கும்.

செங்காங் வானொலிப் பிரியை:
ஆடாசிட்டியில் ஏன் பயனில்லை என்பதையும் சொல்கிறேன். அந்த நார்மலைஸ் பார்ப்பது உச்சத்தை மட்டும். தவிலில் ஓங்கி விழும் ஓர் அடி 0 டெசிபலைத் தொட்டுவிட்டால் அந்தப் பாட்டுக்கு அதற்கு மேல் இடமில்லை, மீதி நாதஸ்வரம் முழுக்கக் கீழே கிடந்தாலும் சரி. நம் காது கேட்பது சராசரி உரப்பு. அதை அளக்கும் சர்வதேச முறை ஐடியூ-ஆர் பிஎஸ் 1770: 400 மில்லி விநாடித் துண்டுகளாக அளந்து, மௌனப் பகுதிகளைக் கழித்துவிட்டு, எல்யூஎஃப்எஸ் என்ற உரப்பு அலகில் ஓர் எண் தரும். ரீப்ளேகெயின் 2.0 இதில் -18-ஐக் குறியாக வைத்திருக்கிறது. பழைய சிடிப் பாட்டு -19 என்றால் அதற்கு +1. அமுக்கி அமுக்கி மாஸ்டரிங் செய்த புதுப் பாட்டு -8 என்றால் அதற்கு -10. பெரும்பாலும் உரத்த பாட்டுதான் இறங்க வேண்டும், மெல்லியதை அதிகம் தூக்கக் கூடாது. மொத்தச் சத்தம் குறைந்தது போல இருந்தால் குமிழைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

யீஷூன் ரசிகன்:
மிக்க நன்றி. மறுபடி ஸ்கேன் செய்தேன், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண். கணினியில் அருமையாக இருக்கிறது. கேசட் நாதஸ்வரம் மட்டும் இன்னும் மெதுவாகவே வருகிறது. +5 என்று காட்டுகிறது, பீக் (உச்சம், 1 தான் வரம்பு) 0.98.

பிடோக் ஒலிப்பதிவு:
பீக் 0.98 என்றால் கூட்டுவதற்கு 0.2 டெசிபல்கூட இடமில்லை. உச்சம் வெட்டுப்பட்டு ஒலி சிதையாமல் காக்கும் "பிரிவென்ட் கிளிப்பிங்" அங்கேயே பிடித்து நிறுத்துகிறது, அது சரிதான். மொத்தக் குறியையும் 5 டெசிபல் இறக்குங்கள்: அதே பிளேபேக் பக்கத்தில் பிரீஆம்ப், "வித் ஆர்ஜி இன்ஃபோ" (ஆர்ஜி என்றால் ரீப்ளேகெயின்) -5. இப்போது நாதஸ்வரத்துக்கு 5-5, அதாவது மாற்றமே இல்லை. மற்றவை அதற்குச் சமமாக வந்து நிற்கும். "வித்அவுட் ஆர்ஜி இன்ஃபோ" -12 வையுங்கள், ஸ்கேன் செய்யாத கோப்பு திடீரென்று அலறாது.

அதற்கு முன் அந்த 0.98 உண்மையிலேயே தவில்தானா என்று பாருங்கள். கேசட்டில் பெரும்பாலும் "டப்" என்ற ஒரு கிளிக்தான் உச்சமாக நிற்கும். ஆடாசிட்டியில் பெரிதாக்கினால் ஊசி போல ஒற்றைக் கோடு தெரியும். அந்த இடத்தை மட்டும் பிடித்து எஃபெக்ட், ரிப்பேர் கொடுங்கள், பிடித்த இடம் 128 சாம்பிள்களுக்குள் இருக்க வேண்டும். கேசட்டிலிருந்து முதலில் பதிந்த வேவ் கோப்பில் இதைச் செய்யுங்கள். எம்பி3-ஐத் திறந்து மறுபடி எம்பி3-ஆகச் சேமித்தால் தரம் இன்னொரு படி போகும்.

உட்லண்ட்ஸ் டிரைவர்:
காருக்கு வருவோம். ரீப்ளேகெயின் என்பது கோப்பில் ஒட்டிய ஒரு சீட்டு மாதிரி. ஃபூபார் அதைப் படிக்கும். பவர்ஆம்ப் என்ற ஃபோன் செயலியில் அமைப்பை இயக்கினால் அதுவும் படிக்கும். பெரும்பாலான கார் ஸ்டீரியோவும் யூஎஸ்பி ஸ்பீக்கரும் சீட்டைப் பார்ப்பதே இல்லை. ஆகவே யூஎஸ்பிக்குத் தனி நகல் எடுத்து, பாட்டின் உள்ளேயே சத்தத்தை மாற்ற வேண்டும்.

முதலில் ஃபிளாக்கையெல்லாம் எம்பி3-ஆக மாற்றி, இருக்கும் எம்பி3 நகல்களோடு ஒரே ஃபோல்டரில் போடுங்கள். மாற்றும் ஃபூபார் கன்வெர்ட்டரில் ரீப்ளேகெயின் பிராசசிங் வேண்டாம். நகல்களிலிருந்து ரீப்ளேகெயின் டேகை அழித்துவிடுங்கள். மறந்தால், அதே யூஎஸ்பியை டேக் படிக்கும் கருவியில் போடும்போது குறைப்பு இரண்டு தடவை விழும். பிறகு எம்பி3கெயின் என்ற மென்பொருள்: டார்கெட் பெட்டியில் 89 டெசிபல் இருக்கும், ஃபூபாரில் 5 இறக்கியது போலவே இதையும் 84 ஆக்குங்கள். டிராக் அனாலிசிஸ், அப்புறம் டிராக் கெயின். இது மறுபடி என்கோட் செய்வதில்லை, ஒவ்வொரு ஃபிரேமிலும் உள்ள குளோபல் கெயின் எண்ணை மட்டும் 1.5 டெசிபல் படிகளில் நகர்த்துகிறது. அதனால் -10 வேண்டிய பாட்டுக்கு -10.5 விழும், காதுக்குத் தெரியாது. தரமும் போகாது.

யீஷூன் ரசிகன்:
அண்ணே, பாதிக் கோப்புகளுக்கு எம்பி3கெயின் 'திறக்க முடியவில்லை' என்று பிழை காட்டுகிறது.

உட்லண்ட்ஸ் டிரைவர்:
கோப்புப் பெயர் தமிழில் இருக்கிறதா? 1.2.5 பதிப்புக்கு யூனிகோட் பெயர்கள் தெரியாது. நகல் ஃபோல்டரில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தி, ஆங்கில எழுத்தில் ஏதாவது ஒரு சொல் தட்டுங்கள்; விண்டோஸ் தானே 1, 2, 3 என்று எண் போட்டுவிடும். உள்ளே டேகில் இருக்கும் தமிழ்த் தலைப்புக்கு ஒன்றும் ஆகாது. மூலக் கோப்புகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

செங்காங் வானொலிப் பிரியை:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பிஐஇ விரைவுச்சாலையில் போகும்போது டயர் சத்தத்தில் ஆலாபனை அமுங்கினால் அது வேறு பிரச்சினை: ஒரே பாட்டுக்குள் உள்ள ஏற்ற இறக்கம். அதற்கு அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர்தான் வேண்டும், ரீப்ளேகெயின் அதைத் தொடாது. கீழ்த்தளத்துக்குப் போகுமுன் யூஎஸ்பியில் மிகப் பழைய பாட்டு, புதுப் பாட்டு, நாதஸ்வரம் என்று மூன்றை மட்டும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள், தம்பி. ஸ்பீக்கரில் பாஸ் பூஸ்ட் இருந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் புதுப் பாட்டு மறுபடி உரக்கத்தான் கேட்கும்.