லாரன்ட்ஸ் டிஇஎம்: இரும்பு ஜெர்மானைடு லமெல்லாவில் காந்தக் கோடுகள் தெரியவில்லை

கேள்வி:
ஒற்றைப் படிகத்திலிருந்து ஃபிப்பில் (குவித்த அயனிக் கற்றைக் கருவி) வெட்டிய லமெல்லா (மெல்லிய தகடு), தடிமன் சுமார் 100 நானோமீட்டர். டிஇஎம் (ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி) 200 கிலோவோல்ட், லாரன்ட்ஸ் முறை (காந்தப் புலத்தில் கற்றை விலகுவதை வைத்துக் காந்த அமைப்பைப் பார்ப்பது), டிஃபோகஸ் (ஃபோகஸிலிருந்து வேண்டுமென்றே விலகும் தூரம்) 50 மைக்ரோமீட்டர். நைட்ரஜனால் குளிர்விக்கும் மாதிரி ஹோல்டர் 250 கெல்வின் காட்டுகிறது. 70 நானோமீட்டர் இடைவெளியில் ஹெலிக்ஸ் கோடுகள் (காந்தத் திசை சுருள்போலச் சுழல்வதால் வருபவை) வரணும். அகலமான கறுப்புப் பட்டைகள்தான் தெரிகின்றன. எதைப் பார்க்கணும்?

பதில் 1:
டிஃபோகஸ் போதவே போதாது. தகட்டின் தளத்துக்குள் காந்தப் பாய அடர்த்தி 0.3 டெஸ்லா என்று வைத்தால், இந்தத் தடிமனில் கற்றை விலகுவது 18 மைக்ரோரேடியன் அளவுதான். 50 மைக்ரோமீட்டரில் அது 1 நானோமீட்டர் நகர்வுகூட இல்லை; 500-இல் 9 நானோமீட்டர். 300-இல் தொடங்கி ஏற்றுங்க. கற்றையின் குவிகோணமும் (கதிர்கள் குவியும் கோணம்) அந்த 18 மைக்ரோரேடியனை விட நன்றாகக் குறைவாக இருக்கணும், இல்லாட்டி கோடு கரைந்துவிடும். சின்ன கண்டென்சர் அபெர்ச்சர் (கற்றையைக் குறுக்கும் துளை) போட்டு, கற்றையை நன்றாக விரித்து, எக்ஸ்போஷரைக் கூட்டுங்க.

அந்தப் பட்டைகள் தகடு வளைந்ததால் வருபவை. 1 டிகிரி சாய்த்தாலே ஓடும். காந்தக் கோடு அப்படி ஓடாது. அண்டர்ஃபோகஸிலிருந்து ஓவர்ஃபோகஸுக்குப் போனால் கறுப்பு வெள்ளையாகும், சரியான ஃபோகஸில் மறையும்.

பதில் 2:
வெப்பநிலையையும் நம்பாதீங்க. ஹோல்டர் நுனியில்தான் சென்சார். லமெல்லா ஒரு சின்ன பிளாட்டினப் பற்றில் தொங்குகிறது, அதனால் நுனியை விடச் சூடாக இருக்கலாம். காந்த ஒழுங்கு 278 கெல்வினில் போய்விடும். முதலில் 200 கெல்வினுக்கு இறக்கிப் பாருங்க.

ஃபிப்பில் கடைசி மெருகு எத்தனை கிலோவோல்ட்? 30 கிலோவோல்ட் காலியம் அயனிக் கற்றை பக்கத்துக்கு 20 நானோமீட்டர் அளவு படிக ஒழுங்கைக் கெடுத்துவிடும். 5, பிறகு 2 கிலோவோல்ட்டில் இரு பக்கமும் துடைக்கணும். ஆப்ஜெக்டிவ் லென்ஸ் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்க. சாதாரண முறையில் அங்கே 2 டெஸ்லா அளவு புலம், இந்தப் பொருள் முழுசா ஒரே திசைக்குத் திரும்பிவிடும்.

கேட்டவர்:
200 கெல்வின், 500 மைக்ரோமீட்டர்: கோடுகள் வந்தன, நிறமும் புரள்கிறது. மிக்க நன்றி. ஆனால் ஆப்ஜெக்டிவால் 0.1 டெஸ்லா கொடுத்தும் ஸ்கிர்மியான் (சுழல் வடிவக் காந்தக் குமிழ்) இல்லை.

பதில் 1:
அந்தக் குளிரில் கோடு எளிதில் அறுபடாது. 290 கெல்வினுக்கு ஏற்றி, 0.1 டெஸ்லா வைத்தபடியே மெதுவாக 260 பக்கம் இறக்குங்க. வராட்டி 0.05 முதல் 0.15 வரை மாற்றிப் பாருங்க. சாய்வு பூஜ்யத்தில் இருக்கட்டும், தளத்துக்குள் விழும் புலம் கெடுக்கும். லென்ஸ் மின்னோட்டம் மாறினால் படம் சுழலும், ஃபோகஸும் நகரும். ஒவ்வொரு படியிலும் டிஃபோகஸைத் திரும்ப அளக்கணும்.

தகடு மெலிந்தால் ஸ்கிர்மியான் நிலைக்கும் வெப்பநிலை வரம்பு விரியும்; ஜப்பானிய இயற்பியலாளர் தொகுராவின் குழு 2011-இல் இதே பொருளில் காட்டியது அதுதான். அடுத்த லமெல்லாவை 60 நானோமீட்டர் பக்கம் கொண்டுவாங்க. கற்றை விலகும் கோணம் தடிமனோடு சேர்ந்து குறையும், அதனால் டிஃபோகஸை இன்னும் ஏற்ற வேண்டிவரும்.